மரபைக் கெடுத்தவர் யார்?

கலையுலகில் புதுவழி காண முற்படும் எவரும் முதலில் பெறும் பரிசு, 'மரபைக் கெடுத்தவர்' என்னும் பழிச்சொல்லே. யாப்பைத் தளர்த்திக் கவிதை எழுதியவர்கள் அப்பழியைச் சுமந்தனர். வீட்டுக்குள் பேசவும் கூசிய செய்திகளைச் சிறுகதையில் எழுதியவர்களும் சுமந்தனர். ஆடற்கலையில் அதனை நெடுங்காலம் சுமந்தவர் சந்திரலேகா. 1928ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் மராட்டிய மண்ணில், வாடா என்னும் ஊரில், ஒரு குசராத்திக் குடும்பத்தில் பிறந்தவர்; சட்டக் கல்வியைப் பாதியில் விட்டுவிட்டு ஆடல் கற்கச் சென்னைக்கு வந்தவர்; அந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டு 2006ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அங்கேயே மறைந்தவர். ஆடலை அமைப்பதே அவருடைய வாழ்வாக இருந்தது. கவிதை அதன் உடன்பிறப்பாக இருந்தது.

அவருக்கு எதிராகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் நான்கு. பரதத்தின் ஒழுங்கைக் குலைத்தார் என்பது ஒன்று. இறைவனைப் பாடும் கலையிலிருந்து இறைவனை அகற்றினார் என்பது மற்றொன்று. மேனாட்டாரைப் பார்த்து நடந்தார் என்பது மூன்றாவது. உடலை முன்னிறுத்தி அவையின் நாணத்தைக் கெடுத்தார் என்பது நான்காவது. இந்நான்கையும் ஆராயாமல் ஏற்றுக்கொண்டால் சந்திரலேகாவுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அவர் புகழும் இகழும் எட்டாத இடத்துக்குச் சென்றுவிட்டார். இழப்பு, சலங்கை கட்டிக்கொண்டு இன்று மேடையேறும் பிள்ளைகளுக்கே. அவர்களுக்கு எது மரபு என்று கற்பிக்கப்படுகிறது என்பதே இங்கு வழக்கு.

அரங்கேற்றத்தில் எழுந்த கேள்வி

சந்திரலேகா ஆடல் பயின்றது காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம். கோயிலையும் அவையையும் சார்ந்து தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நட்டுவனார் மரபில் வந்தவர் அவ்வாசிரியர். ஆகவே, இலக்கணம் தெரியாதவர் இலக்கணத்தை மீறினார் என்னும் பேச்சுக்கு இங்கு இடமில்லை. அவர் பயின்றது ஏட்டுப் பரதம் அன்று; மூத்தோர் தட்டுக்கழி தட்டிக் கற்பித்த பரதம்.

1952ஆம் ஆண்டில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. இராயலசீமைப் பகுதி வறட்சியால் வாடிக்கிடந்த காலம் அது; அவ்வறட்சி நிவாரண நிதிக்காகவே அந்நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. ஆசிரியர் எல்லப்பா 'மதுரா நகரிலோ' என்னும் தெலுங்குப் பாடலைப் பாடுகிறார். யமுனை ஆறு பெருகி ஓடுவதையும், தோழியர் அதில் நீர் விளையாடுவதையும் அபிநயிக்க வேண்டிய இடம். கைகளில் நீர் அள்ளி இறைக்கும் அந்நொடியில், செய்தித்தாள்களில் கண்ட படங்கள் அவர் நினைவுக்கு வந்தன. வெடித்துப் பிளந்த நிலம். சிறு தகரக் குவளைகளோடு தண்ணீருக்காக நீண்ட வரிசையில் நிற்கும் மக்கள். எவருக்காக ஆடுகிறோமோ அவர்களுக்கு ஒரு குவளை நீரும் இல்லை. மேடையிலோ ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது. கை நின்றது. ஒரு கணம் தாம் இரண்டு மனிதராகப் பிளந்துபோனதாக அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார்.

அன்று ஆடல் முடிந்தது. கேள்வி முடியவில்லை. கலைக்கும் வாழ்வுக்கும் இடையே இத்துணைப் பெரிய பள்ளம் இருக்கலாமா? அப்பள்ளத்தைப் பட்டுச் சேலையால் மூடிவிட்டு மேலே ஆடிக்கொண்டிருப்பது நேர்மையா? அரங்கேற்றம் என்பது கற்றதைக் காட்டும் நாள் என்று பலரும் எண்ணுகின்றனர். சந்திரலேகாவுக்கோ அது கற்றது எதற்கு என்று கேட்கத் தொடங்கிய நாளாயிற்று. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அவர் செய்தவை அனைத்தும் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சிகளே.

மரபு என்பது எது?

பரதத்தின் ஒழுங்கைக் குலைத்தார் என்னும் முதற் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோர், அவ்வொழுங்கு எப்போது உண்டாயிற்று என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய கச்சேரி முறை ஆதிநாளில் வானிலிருந்து இறங்கியது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சார்ந்து வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் வகுத்த முறை அது. அவர்கள் காலத்தில் அது புதுமை. முன்னிருந்ததை அவர்களும் மாற்றியே தந்தனர்.

அடுத்த மாற்றம் 1930களில் வந்தது. சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய கலைக்குப் 'பரத நாட்டியம்' என்னும் பெயர் அப்போதுதான் நிலைபெற்றது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. ஆடுபவர் பின்னே நின்று இசைத்தவர்கள் மேடையின் ஒரு பக்கத்தில் அமர்த்தப்பட்டனர். உடையும் அணியும் புதிதாக வடிவமைக்கப்பட்டன. சிருங்காரச் சுவை குறைக்கப்பட்டது. அதனை ஏற்காத பாலசரசுவதி, சிருங்காரமே இக்கலையின் உயிர் என்று இறுதிவரை வாதிட்டார். 1947இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது. கொடுமை ஒன்று ஒழிந்தது. அதனோடு கோயிலாடலும் நின்றது. அக்கலையைக் காத்து வந்த குடும்பங்கள் பலவும் மேடையைவிட்டு ஒதுங்க, வேறு வீட்டுப் பெண்கள் அம்மேடைக்கு வந்தனர்.

இவை சரியா தவறா என்பது தனி வழக்கு. இங்குக் கருத வேண்டியது ஒன்றே. பெயரை மாற்றினர், உடையை மாற்றினர், ஆடும் இடத்தை மாற்றினர், ஆடுவோரையே மாற்றினர். அம்மாற்றங்களுக்கு மாலை விழுந்தது. பின்னர் ஒருவர் வந்து, இந்த அணிகலன்களுக்கு அடியில் உடல் என்ன சொல்கிறது என்று கேட்டார். அவர்மீது பழி விழுந்தது. தாத்தா கட்டிய வீட்டை வேதகாலத்து வீடு என்று சொல்லிக்கொண்டு, அதன் சன்னலைத் திறந்தவரைத் திட்டுவது போன்றது இது.

ஆடாமல் இருந்த ஆண்டுகள்

சந்திரலேகாவின் வாழ்வில் பெரிதும் மதிக்கத்தக்கது அவர் ஆடிய ஆண்டுகள் மட்டும் அல்ல. ஆடாமல் இருந்த ஆண்டுகளும்தாம். 1960களின் தொடக்கத்தில் 'தேவதாசி' என்னும் படைப்பை அமைத்தார். நல்ல பெயர் இருந்தது, மேடைகள் காத்திருந்தன. அதே உருப்படிகளை ஆண்டுதோறும் ஆடிப் பட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கலாம். அவரோ மேடையிலிருந்து விலகினார். 1972இல் 'நவக்கிரகம்' என்னும் படைப்போடு ஒருமுறை வந்தார், மீண்டும் விலகினார். மனம் ஒப்பாததைக் காலால் ஆட அவர் இசையவில்லை.

அந்த இடைக்காலம் வீண்போகவில்லை. ஆங்கிலத்தில் கவிதையும் உரைநடையும் எழுதினார். ஓவியரும் வடிவமைப்பாளருமான தசரத் படேலோடும், எழுத்தாளர் சதானந்த் மேனனோடும் சேர்ந்து பணியாற்றினார். சுவரொட்டிகள் வரைந்தார். பெண்ணுரிமைக்கும் மனித உரிமைக்கும் குரல் கொடுத்தார். அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது: 1982இல் அவர்மீது இராசத்துரோகக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது, பின்னர் அது கைவிடப்பட்டது. ஆடற்கலைஞர் ஒருவர்மீது அரசு அத்தகைய வழக்கைத் தொடுக்கிறது என்றால், அவர் வாழ்வு அணிகலப் பெட்டிக்குள் அடங்கிய வாழ்வாக இல்லை என்பது தெளிவு.

கலைஞருக்கு ஏன் இந்த அரசியல் என்று கேட்போர் உண்டு. 1952இல் மேடையில் நின்றுபோன அந்தக் கையை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வறண்ட நிலத்தைப் பார்த்த கண்ணை எப்படி மூடுவது? மூட முடியாதவர் தெருவுக்கு வந்தார். தெருவில் கற்றதை எடுத்துக்கொண்டு மீண்டும் மேடைக்குச் சென்றார்.

முதுகெலும்பைத் தேடிய ஆடல்

1984இல் பம்பாயில் நடைபெற்ற கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பு அவரை மறுபடியும் ஆடலுக்குள் அழைத்து வந்தது. 1985இல் 'அங்கிகா' பிறந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பெரும்பாலான ஆடற்கலைஞர்கள் ஓய்வு பெற்றுப் பிறர் ஆடுவதைப் பார்க்கும் வயதில் அவர் தம் உண்மையான பணியைத் தொடங்கினார். நரைத்த கூந்தலை அவர் மறைக்கவில்லை. வயதை மறைப்பதும் உடலைப் பற்றிய ஒரு பொய்யே என்பது அவர் கருத்துக்கு ஒத்ததுதானே!

'அங்கிகா'வில் அவர் செய்தது என்ன? பரதத்தின் அரைமண்டியையும் அடவுகளையும் எடுத்தார். கேரளத்துக் களரிப்பயிற்றில் யானை, சிங்கம் முதலிய விலங்குகளின் பெயரால் வழங்கும் நிலைகளை எடுத்தார். யோகத்தின் மூச்சை எடுத்தார். மூன்றையும் ஒரே தரையில் நிறுத்தி, இவற்றுக்குப் பொதுவான வேர் எது என்று தேடினார். கதை இல்லை, நாயகனுக்குக் காத்திருக்கும் நாயகி இல்லை, அடுக்கடுக்கான நகைகள் இல்லை. ஆடல் கற்ற பெண்களும் களரி கற்ற ஆண்களும் ஒரே மேடையில் சம உரிமையோடு இயங்கினர். அரைமண்டி என்பது அழகுக்காக முழங்காலை மடக்குவது அன்று. நிலத்தின் ஆற்றலை இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஏற்றும் நிலை என்பதை அவையோர் கண்ணால் கண்டனர்.

இதனை ஒழுங்கின் குலைவு என்று எவ்வாறு சொல்வது? பரதத்தின் அடிப்படை நிலையை இவ்வளவு உண்மையாக நம்பியவர் சிலரே. அரைமண்டியில் முழுமையாக அமராமல், பாதி நின்றபடியே வர்ணத்தை ஓட்டிவிட்டுக் கைதட்டல் பெறும் மேடைகள் பல உண்டு. முகத்தில் பூச்சும் தலையில் பூவும் இருந்தால் கால் பிழைப்பதை எவரும் கேட்பதில்லை. சந்திரலேகாவின் மேடையில் அந்த மறைப்பு இல்லை. பிழை வந்தால் வெளியே தெரியும். மரபின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் எதனைக் காக்கின்றனர் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

1989இல் அவர் அமைத்த 'லீலாவதி' இன்னொரு சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் செய்யுளில் இயற்றிய கணக்கு நூல் அது. லீலாவதி என்னும் பெண்ணை அழைத்து, மலர் நாடிப் பறக்கும் வண்டுகளைக் கொண்டு கணக்குக் கேட்கும் நூல். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தை அறிந்த தமிழருக்கு, கணக்கும் கவிதையும் ஒரு செய்யுளில் வாழும் அந்த உலகம் புதிதன்று. அதனை ஆடலாக்கலாம் என்று எண்ணியவர்தாம் புதியவர். தாளம் என்பதே கணக்கு. அடவு என்பதே கோணமும் வட்டமும். ஆடலுக்குள் ஒளிந்திருந்த கணக்கை வெளியே கொண்டுவந்து காட்டியதில் எந்த மரபு கெட்டது?

1990களின் தொடக்கத்தில் வந்த 'ஸ்ரீ' பெண்ணின் முதுகெலும்பைப் பற்றியது. வளைந்த முதுகோடு நிமிர முடியாமல் மேடையைக் கடக்கும் பெண்களை அதில் காட்டினார். பல நூற்றாண்டு அடிமைத்தனத்தைச் சொல்ல ஒரு வசனமும் தேவைப்படவில்லை. வளைந்த எலும்பே பேசியது. பின்னர் அப்பெண் நிமிர்ந்து பல கரங்களோடு தோன்றும்போது, கோயில் சிற்பத்தில் கண்ட தேவியின் வடிவம் புதுப்பொருள் பெற்றது. இறைவனை அகற்றினார் என்போர் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது நன்று. தேவியின் கதையை ஆயிரம் முறை அபிநயித்தும், அவையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முதுகு நிமிரவில்லையென்றால் அந்த வழிபாட்டினால் யாருக்குப் பயன்?

மேனாட்டுச் சாயல் என்னும் பழி

மேனாட்டாரைப் பின்பற்றினார் என்னும் குற்றச்சாட்டு எளிதில் சொல்லப்படுவது, நிறுவுவது அரிது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1973 முதல் பீனா பௌஷ் என்னும் பெண்மணி 'நடன நாடகம்' என்னும் புதுவகையை வளர்த்தார் என்பதும், அவரும் சந்திரலேகாவும் நண்பர் என்பதும் உண்மையே. நட்பு வேறு, நகல் வேறு. பீனா பௌஷின் மேடையில் ஐரோப்பிய நகரத்து ஆணும் பெண்ணும், அவர்களுடைய தனிமையும் அச்சமும் ஏக்கமும் இருந்தன. சந்திரலேகாவின் மேடையில் அரைமண்டியும் களரியும் யோகமும் துருபத் இசையும் இருந்தன. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: ஆடல் என்பது வாழ்கின்ற மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்னும் உறுதி. அவ்வுறுதி எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று.

மற்றொன்றும் உண்டு. மேனாட்டுச் சாயல் கூடாதென்போர் ஒளி விளக்கையும் ஒலிபெருக்கியையும் திரைச்சீலையையும் நுழைவுச்சீட்டையும் ஏற்றுக்கொண்டவர்களே. கோயில் மண்டபத்திலிருந்த ஆடலைத் திரைச்சீலை தொங்கும் மேடையில் வைத்ததை மேனாட்டுச் சாயல் என்று எவரும் சொல்வதில்லை. சிந்தனை மட்டும் வந்துவிட்டால் அது அயல்நாட்டுச் சரக்காகிவிடுகிறது.

உடலும் நாணமும்

இனி நான்காவது குற்றச்சாட்டு. 1998இல் வந்த 'ராகா' ஆணுக்குள் இருக்கும் பெண்மையைத் தேடியது. 2001இல் வந்த 'சரீரா' ஓர் ஆணும் ஒரு பெண்ணும் குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசையில், மிக மெதுவாக இயங்கும் படைப்பு. இவ்விரண்டும் பலரை நெளிய வைத்தன. இது நம் பண்பாடா என்று கேட்கப்பட்டது.

பண்பாட்டைப் பற்றிப் பேசுவோர் சிலப்பதிகாரத்தை மறக்கலாகாது. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களில் ஒன்று பேடு. ஆண்மை திரிந்து பெண்மைக் கோலம் பூண்டு காமன் ஆடிய ஆடல் அது. அதனைப் பாட இளங்கோவடிகள் நாணவில்லை, அவர் துறவி. ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமாக நிற்கும் இறைவனைத் தமிழர் கோயில்தோறும் வணங்குகின்றனர். தில்லைக் கோபுரத்து வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. அக்கல்லுருவங்கள் உடலை ஒளிக்கவில்லை. கல்லில் இருந்தால் தெய்விகம், உயிருள்ள உடலில் வந்தால் ஆபாசம் என்பது எந்த நூலில் எழுதியிருக்கிறது?

நாணப்பட வேண்டிய இடம் வேறொன்று உண்டு. திரைப்பாடலின் துள்ளலைப் பள்ளிச் சிறுமியருக்குக் கற்பித்து, பண்டிகை மேடையில் அதனைக் கண்டு கைதட்டும் பெற்றோர், 'சரீரா'வின் அமைதியான அசைவைக் கண்டு முகம் சுளித்தால், அவர்கள் கண்ணில்தான் குறை. முன்னது உடலை விற்பனைக்கு வைக்கிறது. பின்னது உடல் என்பது மூச்சு வாங்கும், வலி தாங்கும், ஆசை கொள்ளும், மதிப்புக்குரிய ஓர் உயிர்ப்பொருள் என்கிறது.

ஆடலும் கவிதையும்

சந்திரலேகா கவிதையும் எழுதினார் என்பதைப் பொழுதுபோக்காகக் கருதுவது பிழை. சென்னைத் தெருக்களைத் தீட்டிக்காட்டும் 'ரெயின்போ ஆன் தி ரோட்சைடு' என்னும் எழுத்து அவருடையது. தெருவோரத்தைப் பார்த்த அதே கண்தான் மேடையையும் பார்த்தது. நல்ல கவிதையில் மிகைச்சொல் இருக்காது. அவர் ஆடலில் மிகை அசைவு இல்லை. நல்ல கவிதை எல்லாவற்றையும் விளக்கிவிடாது; அவர் ஆடலும் பார்ப்போருக்குப் பாதி வேலையை விட்டுவைத்தது. அவருடைய 'சரீரா'வில் பல ஆண்டுகள் ஆடியவர் திஷானி தோஷி என்னும் கவிஞர். அவருடைய முதற் கவிதைத் தொகுதி 2006இல் இங்கிலாந்தின் ஃபார்வர்டு பரிசைப் பெற்றது. அதன் பெயரே உடலின் நாடுகளைப் பற்றியது. ஆடல் அரங்கிலிருந்து கவிதை பிறப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழுக்கு இது அயலானதும் அன்று. காரைக்காலம்மையார் தம் அழகிய உடலை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்று, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆடும் ஆடலைப் பாடினார். தமிழின் தொன்மையான பக்திப் பாடல்களில் ஆடலைப் பாடியவை பட்டாடையும் பொன்னணியும் சூழ்ந்த அவையில் பிறக்கவில்லை. எரியும் பிணத்துக்கும் ஊளையிடும் நரிக்கும் நடுவே பிறந்தன. உண்மையைப் பார்க்க அஞ்சாத கண்ணிலிருந்து அந்த ஆடலும் அந்தக் கவிதையும் ஒன்றாக எழுந்தன. அம்மையாரைப் போற்றும் சமூகம் அழகுப்பூச்சு இல்லாத ஆடலை வெறுப்பது விந்தையே.

குறையையும் சொல்ல வேண்டும். சந்திரலேகாவின் அவை சிறியது. அவர் எழுதியது ஆங்கிலம். அவரைப் பற்றி 1995இல் ருஸ்தம் பரூச்சா முழுநூல் எழுதியதும் ஆங்கிலம். சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் வாழ்ந்தும், அந்நகரின் சாதாரணத் தமிழ் வாசகரை அவர் கலை முழுமையாகச் சென்று சேர்ந்தது என்று சொல்வதற்கில்லை. 1991இல் சங்கீத நாடக அகாதெமியின் விருதும், 2004இல் அதன் உயர்ந்த சிறப்பான உறுப்பாண்மையும் அவரை அடைந்தன. தமிழ்க் கட்டுரைகள் போதிய அளவில் அடையவில்லை. இதில் அவர் பங்கு பாதி என்றால், எழுதத் தவறிய தமிழ் எழுத்தாளர் பங்கு மறு பாதி. மேலும், அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, பயிற்சி இல்லாத கைகால் வீச்சைப் புதுமை என்று மேடையேற்றுவோரும் உண்டு. இலக்கணம் கற்காமல் மீறுவது புதுமையாகாது. அவ்வகையினரைக் கண்டிப்பதற்குச் சந்திரலேகாவின் கடும்பயிற்சியே முதற் சான்று.

இம்மண்ணின் மேடை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆடற்கலைக்குப் பஞ்சமில்லை. நடனப் பள்ளிகள் உண்டு, அரங்கேற்றங்கள் உண்டு. வழவழப்பான அழைப்பிதழ், சென்னையிலிருந்து வரவழைத்த பட்டு, அங்கிருந்தே வந்திறங்கும் பக்கவாத்தியம், சிறப்பு விருந்தினரின் நீண்ட உரை, இறுதியில் விருந்து. பெற்றோரின் உழைப்பும் பிள்ளையின் பல்லாண்டுப் பயிற்சியும் அந்த ஒரு மாலையில் மலர்கின்றன. ஆனால், மறுநாள் என்ன நடக்கிறது? பல வீடுகளில் சலங்கை அலமாரிக்குள் போகிறது. பெரிய நிழற்படம் ஒன்று சுவருக்கு வருகிறது. தொடங்க வேண்டிய இடத்தில் கலை முடிந்துவிடுகிறது.

இந்நிலை இம்மண்ணின் விதி அன்று. சிங்கப்பூரில் சாந்தா பாஸ்கர் 1958ஆம் ஆண்டிலேயே சீனரின் புகழ்பெற்ற வண்ணத்துப்பூச்சிக் காதலர் கதையைப் பரத நாட்டியமாக்கினார். பக்கத்து வீட்டாரின் கதையைத் தம் கலையில் சொல்லிய அத்துணிவு அக்கலையைக் கெடுக்கவில்லை. அதற்குப் புதிய அவையைத் தந்தது. கோலாலம்பூரில் ராம்லி இப்ராகிம் என்னும் மலாய்க் கலைஞர் பரதமும் ஒடிசியும் முறையாகக் கற்று, 1983இல் சூத்ரா நடன அரங்கை நிறுவி, இந்தியச் செவ்வியல் ஆடலுக்கு வாழ்வளித்தார். மரபு யாருடைய கையில் தழைக்கும் என்பதைப் பிறப்பு முடிவு செய்வதில்லை. உழைப்பும் கேள்வியுமே முடிவு செய்கின்றன. குசராத்தியரான சந்திரலேகாவும் அதற்கே சான்றாவார்.

1952இல் மேடையில் நின்ற அந்தக் கையை இங்கும் எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து, பனிக்குளிரில் பால் மரங்களுக்கிடையே நடந்து, மரத்துக்கு மரம் குனிந்து பட்டை சீவி, தோளில் காண்டா வாளி சுமந்து வந்த பெண்ணின் முதுகு எத்தனை மேடைகளில் ஆடப்பட்டிருக்கிறது? அவளுடைய பேத்தி இன்று அழகாக யமுனையில் நீர் அள்ளுகிறாள். யமுனையை ஆட வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. கண்ணனும் வேண்டும், கந்தனும் வேண்டும். பாட்டியின் முதுகும் ஆடலுக்குரிய பொருளே என்று அப்பிள்ளைக்கு யாரேனும் சொல்லித் தந்ததுண்டா? குனிந்து நிமிரும் அந்த அசைவுக்கும் அரைமண்டிக்கும் உள்ள உறவை எந்த ஆசிரியராவது காட்டியதுண்டா?

இதில் எழுத்தாளருக்கும் பெரும் பொறுப்பு உண்டு. தோட்ட வாழ்வையும் நகர வாழ்வையும் பாடிய கவிதைகள் இந்நாடுகளில் ஏராளம். அவை நூலுக்குள் உறங்குகின்றன. ஆடல் ஆசிரியர்களோ பாடுபொருள் தேடிச் சென்னைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றனர். கவிஞரும் ஆடற்கலைஞரும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது வெட்கத்துக்குரியது. எழுத்தாளர் சங்கங்கள் கவியரங்கம் நடத்துகின்றன. நடனப் பள்ளிகள் அரங்கேற்றம் நடத்துகின்றன. இரண்டும் ஒருமுறை கூடி, இம்மண்ணின் ஒரு கவிதையை ஆடலாக்க முயலட்டும். முதல் முயற்சி தடுமாறலாம். இரண்டாவது நடக்கும், மூன்றாவது ஆடும்.

மரபைக் கெடுத்தவர் யார் என்னும் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கேள்வி கேட்டவர் கெடுக்கவில்லை. அடவின் வேரைத் தேடியவர் கெடுக்கவில்லை. பொய்யாக ஆடுவதைவிட ஆடாமலே இருப்பது மேல் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் கெடுக்கவில்லை. கலையை ஒருநாள் விருந்தின் அலங்காரமாக்கி, மறுநாள் அலமாரியில் பூட்டி வைப்பவர்களே மரபைக் கெடுக்கின்றனர். அவர்கள் அலமாரியைத் திறந்து அந்தச் சலங்கையைப் பிள்ளைகளிடம் திருப்பித் தரட்டும்; எதைப் பற்றி ஆட விரும்புகிறாய் என்று ஒருமுறையேனும் கேட்கட்டும். அன்று தொடங்கும் உண்மையான அரங்கேற்றம்.